பெசி கோல்மன் அம்மையார்

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில், 1892ஆம் ஆண்டு பெசி கோல்மன் பிறந்தார். இளமையில் பருத்தி பறித்து உழைத்த அவர், வானூர்தி ஓட்ட விழைந்தார். பெண் என்றும் கறுப்பினத்தவர் என்றும் கூறி, அந்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. அவர் மனந்தளரவில்லை. பிரெஞ்சு மொழி பயின்று, 1920இல் பிரான்சுக்குக் கப்பலேறினார். அங்கு உடன் பயின்றவர் ஒருவர் விபத்தில் மாண்டதைக் கண்டும் அஞ்சிப் பின்வாங்கவில்லை. எட்டின் வடிவில் பறத்தல், நிலந்தொடுமுன் எந்திரத்தை நிறுத்திக் குறித்த இடத்தருகே இறங்குதல் ஆகிய தேர்வுகளில் வென்றார். 1921 ஜூன் 15ஆம் நாள் வானோட்டி உரிமம் பெற்றார். அவ்வுரிமம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி அவரே. தம் இனத்தார்க்குப் பயிற்சிப் பள்ளி நிறுவ எண்ணியிருந்த அவர், 1926இல் வானூர்தி விபத்தில் உயிர்நீத்தார். எனினும், அவர் திறந்த வழியில் பின்னாளில் பலர் பறந்தனர்.