கலிவரைப் படைத்தவரின் தலைச்சுற்றல்

விரல் உயர மனிதர்கள் கலிவரைக் கயிற்றால் கட்டிப்போடும் படத்தைச் சிறுவயதில் நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தக் கதையை எழுதிய ஜோனதன் சுவிஃப்ட், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைச்சுற்றலோடு போராடியவர். எனக்கும் அந்தத் தொல்லை வந்த பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

சுவிஃப்ட் 1667ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். ஏறக்குறைய இருபது வயதில், அதாவது என் வயதில், அவருக்குத் தலைச்சுற்றல் தொடங்கியது. ஆப்பிளை அளவுக்கு மீறிச் சாப்பிட்டதே காரணம் என்று அவர் நம்பினார். பிறகு காது மந்தமும் சேர்ந்துகொண்டது. தலை சுற்றிய நாள்களைத் தம் கணக்கேட்டில் குறித்து வைத்தார்.

இத்தனைக்கும் நடுவில் 1713இல் டப்ளினின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குருவானார். 1726இல் 'கலிவரின் பயணங்கள்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு, இங்கிலாந்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் வீட்டில் தங்கியிருந்தபோது நோய் கடுமையானது. காதும் கேட்கவில்லை. நண்பரின் வீட்டை விட்டு வெளியேறினார். அதன்பின் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. எப்போது வருமென்று தெரியாத நோய், அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மனிதர்களிடமிருந்து பிரித்தது.

இந்தப் பகுதியைப் படித்தபோது என்னையே பார்த்ததுபோல் இருந்தது. கிருமித்தொற்றால் என் உட்செவி நரம்பு பாதிக்கப்பட்டது. சுற்றல் சில நாள்களில் குறைந்தாலும் பயம் போகவில்லை. மின்படிக்கட்டைத் தவிர்த்தேன்; நண்பர்கள் சாப்பிட அழைத்தால் ஏதாவது சாக்குச் சொன்னேன். இயன்முறை சிகிச்சையாளர்தான் சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இருபுறமும் திருப்பச் சொன்னார். முதலில் குமட்டியது. ஆனால், அந்த அசைவுகள்தாம் மூளைக்குப் பாடம். கண்ணும் காலும் தரும் தகவலைக்கொண்டு சமநிலையை அது மீண்டும் கற்றுக்கொள்கிறது. 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி ஆகிய இருவர் இத்தகைய பயிற்சிகளை வகுத்தனர். சில வாரங்களில் நடை உறுதியானது. பயம் அதைவிட மெதுவாகத்தான் விலகியது.

சுவிஃப்டுக்கு அப்படிச் சொல்லித்தர யாரும் இல்லை. உடற்பயிற்சியில் நம்பிக்கை கொண்டு தாமாகவே நிறைய நடந்தார். ஆனாலும், மனநிலை குலைந்துவிடுமோ என்ற அச்சம் அவரை விடவில்லை. 1742இல், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாதவர் என அறிவிக்கப்பட்டு, 1745இல் காலமானார். பைத்தியமாகி இறந்தார் என்ற பேச்சு நீண்டகாலம் நிலவியது. 1861இல்தான் பிரெஞ்சு மருத்துவர் ப்ராஸ்பர் மெனியேர், இத்தகைய தலைச்சுற்றல் உட்செவியிலிருந்து வரக்கூடும் என்று விளக்கினார். சுவிஃப்டுக்கு இருந்தது மெனியேர் நோயே என்று பிற்கால மருத்துவர்கள் கருதினர்.

தம் சொத்தின் பெரும்பகுதியை, மனநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை கட்ட அவர் எழுதிவைத்தார். 1757இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை டப்ளினில் இன்றும் இயங்குகிறது. தாம் எதற்கு அஞ்சினாரோ, அதே நிலையில் இருப்பவர்களுக்குத்தான் தம் பணத்தைக் கொடுத்தார்.

தலை சுற்றினால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். பயமாக இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆப்பிளைக் குறைசொல்ல வேண்டிய காலத்தில் நாம் இல்லை.