யார் இந்த டாம் வில்ஸ்? ஆஸ்திரேலிய கால்பந்துக்கு விதி எழுதியவரை விதியே வீழ்த்திய கதை

ஆஸ்திரேலியாவின் ஏஎஃப்எல் கால்பந்து போட்டியை முதல்முறை பார்க்கும் யாருக்கும் ஒரு குழப்பம் வரும். முட்டை வடிவ பந்து. காலால் உதைக்கிறார்கள், கையாலும் பிடிக்கிறார்கள். உதைத்து வந்த பந்தை ஒருவர் அந்தரத்தில் தாவிப் பிடித்ததும் அம்பயர் விசில் அடிக்கிறார். அதுவரை முட்டி மோதிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று ஒதுங்கிவிடுகிறார்கள். பந்தைப் பிடித்தவரோ நிதானமாகப் பின்னால் நடந்துபோய், சாக்ஸை இழுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் கோலை நோக்கி உதைக்கிறார். யாரும் அவரைத் தொடக்கூட முடியாது.

இதற்குப் பெயர்தான் 'மார்க்'. குறைந்தது 15 மீட்டர் பறந்து வந்த பந்தை, நடுவில் வேறு யாரும் தொடாமல், கீழே விழும் முன் பிடித்தால் மார்க். கோலுக்கு உதைப்பவருக்கு 30 விநாடி அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் அம்பயர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிடுவார், எதிரணியினர் பாய்ந்து வரலாம். ஆட்டம் முடியும் சைரன் ஒலிப்பதற்கு முன்பே மார்க் பிடித்திருந்தால், சைரனுக்குப் பிறகும் உதைக்கலாம், அந்த கோலும் செல்லும். அதனால்தான் இவருக்கு அதிக நேரம் கொடுத்தார், அவருக்குக் கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு வாரமும் அம்பயர்கள் மீது சண்டை நடக்கிறது.

இந்த மார்க் விதியை முதன்முதலில் எழுதி வைத்தது யார்? அந்தக் குழுவில் முக்கியமானவர் டாம் வில்ஸ். 44 வயதில் முடிந்துபோன அவரது வாழ்க்கை, எந்த கிராண்ட் ஃபைனலையும் விட பரபரப்பானது, சோகமானது.

யார் இந்த டாம் வில்ஸ்?

1835 ஆகஸ்ட் 19-ம் தேதி நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர் தாமஸ் வென்ட்வொர்த் வில்ஸ். அவருடைய தாத்தா பிரிட்டனிலிருந்து கைதியாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். அப்பா ஹொரேஷியோ வில்ஸ் ஆடு, மாடு வளர்த்து பெரும் பண்ணையாளராக உயர்ந்தவர்.

1840-ல் குடும்பம் இன்றைய விக்டோரியா மாநிலத்தின் அராரட் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அது ஜாப் வுரங் பழங்குடியினரின் நிலம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதிகம் இல்லாத அந்த இடத்தில், டாமின் விளையாட்டுத் தோழர்கள் எல்லாம் பழங்குடிச் சிறுவர்கள்தான். அவர்களின் மொழியை அவர் சரளமாகப் பேசினார்.

14 வயதில் அப்பா அவரை இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பி வைத்தார். படிப்பு சுமார்தான். ஆனா விளையாட்டில் பையன் கில்லி. பள்ளியின் கிரிக்கெட் அணிக்கு கேப்டன் ஆனார், ரக்பி பாணி கால்பந்திலும் தேறினார். 1856 கடைசியில் மெல்போர்ன் திரும்பியபோது காலனியின் பெரிய கிரிக்கெட் நட்சத்திரம் அவர்தான். 1858 ஜனவரியில் அவர் தலைமையில்தான் நியூ சவுத் வேல்ஸை விக்டோரியா முதல்முறை வென்றது.

ஒரு கடிதம், பத்து விதிகள்

1858 ஜூலை 10. 'பெல்ஸ் லைஃப் இன் விக்டோரியா' என்ற பத்திரிகையில் வில்ஸின் கடிதம் ஒன்று வெளியானது. குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் சும்மா உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கால்பந்து கிளப் தொடங்க வேண்டும், அதற்கு விதிகள் எழுத ஒரு குழு வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அடுத்த மாதமே, ஆகஸ்ட் 7-ம் தேதி, ஸ்காட்ச் கல்லூரியும் மெல்போர்ன் கிராமர் பள்ளியும் மோதின. ஒரு பக்கம் 40 பேர்! அம்பயர்கள் இருவர். ஒருவர் டாம் வில்ஸ், இன்னொருவர் வேதியியலாளர் ஜான் மெக்கடம். இன்று கடைகளில் விற்கும் மெக்கடேமியா பருப்பு இருக்கிறதே, அந்த மரத்துக்குப் பெயர் வந்தது இவரால்தான். மூன்று சனிக்கிழமைகள் நீண்ட அந்த ஆட்டம் ஆளுக்கு ஒரு கோலுடன் டிராவில் முடிந்தது.

பிரச்னை என்னவென்றால், எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி என்று எதுவுமே அப்போது இல்லை. இங்கிலாந்தில் எந்தப் பள்ளியில் படித்தார்களோ, அந்தப் பள்ளியின் விதியே சரி என்று ஆளாளுக்கு வாதாடினார்கள்.

அதற்கு முடிவு கட்ட, 1859 மே 17-ம் தேதி கிழக்கு மெல்போர்னில் உள்ள பரேட் ஹோட்டலில் வில்ஸ், வில்லியம் ஹேமர்ஸ்லி, ஜே.பி. தாம்சன், தாமஸ் ஸ்மித் ஆகியோர் கூடினார்கள். சில நாட்களுக்கு முன்புதான் மெல்போர்ன் கால்பந்து கிளப் உருவாகியிருந்தது. அன்று எழுதப்பட்டவை மொத்தம் பத்தே விதிகள். இங்கிலாந்தில் ஃபுட்பால் அசோசியேஷன் தனது விதிகளை எழுதியது 1863-ல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே மெல்போர்னில் வேலை முடிந்துவிட்டது.

மார்க் விதி அன்று எப்படி இருந்தது?

ஆறாவது விதிதான் மார்க். இன்னொருவர் உதைத்த பந்தை நேரடியாகப் பிடித்தவர், தானே மார்க் என்று குரல் கொடுக்க வேண்டும். உடனே அவருக்கு ஃப்ரீ கிக். குறித்த இடத்தைத் தாண்டி எதிரணியினர் உள்ளே வரக்கூடாது. பந்தைப் பிடித்த இடத்தில் குதிகாலால் தரையில் கீறி அடையாளம் வைக்கும் ரக்பி பள்ளிப் பழக்கத்திலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது.

இதற்கு அவசியம் இருந்தது. அன்றைய ஆட்டத்தில் தள்ளலாம், காலை இடறிவிடலாம். பந்தைப் பிடிக்க அண்ணாந்து பார்ப்பவர் மேல் நாலு பேர் விழுந்தால் எலும்பு முறியும். மெல்போர்ன் மைதானங்களோ இங்கிலாந்தின் புல்தரை போல மெத்தென்று இருக்காது. விளையாடியவர்களும் பள்ளிப் பையன்கள் இல்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள். அதனால்தான் ரக்பியில் வழக்கமாக இருந்த, எதிராளியின் காலில் உதைக்கும் முறைக்குத் தடை விதித்தார்கள். பந்தைப் பிடித்தவருக்கு ஒரு பாதுகாப்பு கொடுத்தார்கள்.

ஆனா, எத்தனை விநாடிக்குள் உதைக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. கடிகாரமும் இல்லை. தகராறு வந்தால் யார் தீர்ப்பது? அம்பயர் நியமிக்கப்படாத ஆட்டங்களில் இரண்டு கேப்டன்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். இன்று மைதானத்துக்குள் மட்டும் நான்கு அம்பயர்கள். 2021 முதல், மார்க் பிடித்தவர் முன் நிற்கும் எதிரணி வீரர் அசையவே கூடாது, அசைந்தால் 50 மீட்டர் அபராதம். வீரர் கொடுத்த குரல் அம்பயரின் விசிலாக மாறியதும், 30 விநாடிக் கணக்கு வந்ததும், நடுவில் நடந்த எத்தனையோ சண்டைகளின் விளைவுதான்.

வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட 1861

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், அப்பாவின் அழைப்பை ஏற்று டாம் குயின்ஸ்லாந்துக்குக் கிளம்பினார். கல்லின்-லா-ரிங்கோ என்ற இடத்தில் புதிய பண்ணை போடுவது திட்டம். 1861 அக்டோபர் 17-ம் தேதி அந்த முகாமைப் பழங்குடியினர் தாக்கினர். ஹொரேஷியோ உட்பட 19 பேர் கொல்லப்பட்டனர். பொருட்கள் எடுத்து வர வெளியே போயிருந்ததால் டாம் தப்பினார்.

பக்கத்துப் பண்ணையாளர் ஒருவர் முன்னதாகப் பழங்குடியினர் மீது நடத்திய தாக்குதலுக்கான பதிலடி இது என்று சொல்லப்படுகிறது. ஆனால் அதன் பிறகு போலீஸாரும் குடியேறிகளும் நடத்திய பழிவாங்கலில் கொல்லப்பட்ட பழங்குடியினரின் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம்.

டாம் அதில் பங்கேற்றாரா? பங்கேற்றதாகக் கூறும் 1895-ம் ஆண்டு அமெரிக்க நாளிதழ் செய்தி ஒன்று 2021-ல் கவனத்துக்கு வந்தது. அவர் இறந்து 15 ஆண்டுகள் கழித்து வெளியான செய்தி என்பதால், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பாக்சிங் டே அன்று நடந்த அதிசயம்

அப்பாவின் கொலை நடந்து ஐந்தே ஆண்டுகள். 1866-ல் டாம் வில்ஸ் செய்த காரியம் பலரையும் திகைக்க வைத்தது. மேற்கு விக்டோரியாவின் பழங்குடி வீரர்களைக் கொண்ட கிரிக்கெட் அணிக்கு பயிற்சியாளராகவும் கேப்டனாகவும் ஆனார். சிறுவயதில் கற்ற மொழி அப்போது கைகொடுத்தது. அந்த ஆண்டு பாக்சிங் டே அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் அவர்கள் ஆடியதை ஆயிரக்கணக்கானோர் திரண்டு பார்த்தனர்.

அந்த அணியின் முக்கிய வீரர்கள்தான் 1868-ல் இங்கிலாந்து சென்றார்கள். இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்த முதல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணி அது. ஆனா அந்தக் கப்பலில் டாம் இல்லை. கேப்டன் பொறுப்பு சார்லஸ் லாரன்ஸிடம் போயிருந்தது.

அம்பயர் சொன்ன நோ-பால்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டாமைக் கெட்ட கனவுகள் விடாமல் துரத்தின. குடி அதிகமானது, கடன் ஏறியது. அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்ற புகாரும் வலுத்தது.

1872-ல் நியூ சவுத் வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அம்பயர் அவரது பந்தை எறிதல் என்று அறிவித்து நோ-பால் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் உயர்மட்ட கிரிக்கெட்டில் இப்படி அறிவிக்கப்பட்ட முதல் பந்துவீச்சாளர் அவர்தான். 123 ஆண்டுகள் கழித்து, 1995 மெல்போர்ன் பாக்சிங் டே டெஸ்ட்டில் முத்தையா முரளிதரனுக்கு ஏழு முறை நோ-பால் சொல்லப்பட்டது தமிழ் ரசிகர்களுக்கு மறந்திருக்காது. முரளிக்கு ஆய்வகச் சோதனை இருந்தது, அவர் பக்கம் நின்ற அணி இருந்தது, மீண்டு வந்தார். வில்ஸுக்கு இரண்டும் இல்லை. ஒரு காலத்தில் அம்பயராக நின்று அடுத்தவர்களுக்குத் தீர்ப்பு சொன்னவரின் கிரிக்கெட் வாழ்க்கை, ஒரு அம்பயரின் தீர்ப்போடு ஏறக்குறைய முடிந்துபோனது.

1880 மே மாதம், குடிநோய் முற்றி மெல்போர்ன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அங்கிருந்து தப்பி வீட்டுக்கு வந்தார். மே 2-ம் தேதி, மனப்பிரமையில் இருந்த நிலையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஹைடெல்பெர்க் இடுகாட்டில் பெயர்ப் பலகை கூட இல்லாமல் புதைக்கப்பட்டார். அந்தக் கல்லறைக்குக் கல் வைக்கவே 100 ஆண்டுகள் ஆயின.

யாருக்குச் சேர வேண்டிய பெருமை?

ஆட்டத்தின் தந்தை என்ற பட்டம் நீண்ட காலம் டாமின் உறவினரும் மைத்துனருமான ஹெச்.சி.ஏ. ஹாரிசனிடம் இருந்தது. 1866-ல் விதிகளைத் திருத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1929 வரை வாழ்ந்து, தன் கதையைத் தானே சொல்லும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. டாமுக்கு அது கிடைக்கவில்லை.

பழங்குடியினர் ஆடிய மார்ன்குரூக் என்ற பந்தாட்டத்தில், பந்தை உயரே உதைத்து தாவிப் பிடிப்பார்கள். சிறுவயதில் டாம் அதைப் பார்த்துத்தான் மார்க் பிறந்ததா? அப்படி நம்புபவர்கள் உண்டு. விதிகள் எழுதிய காலத்து ஆவணங்களில் அதற்கு நேரடி ஆதாரம் இல்லை என்று மறுக்கும் வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு.

1996-ல் ஆஸ்திரேலிய கால்பந்து ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது, முதல் பட்டியலிலேயே வில்ஸின் பெயர் இடம்பெற்றது. இன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. அந்தச் சிலை காட்டுவது பேட் பிடித்த கிரிக்கெட் கேப்டனை அல்ல. 1858-ல் பள்ளிப் பையன்களின் ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கும் 22 வயது டாம் வில்ஸை.

(எந்தப் பிரச்னைக்கும் தற்கொலை தீர்வல்ல. மன அழுத்தமோ, தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் தமிழக அரசின் 104 அல்லது மத்திய அரசின் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.)