டென்ஷனுக்கு விளக்கம் தந்த டாக்டர்

பரீட்சை வந்தால் டென்ஷன், வேலை கிடைக்கும்வரை டென்ஷன், கிடைத்த பிறகு மேலதிகாரியால் டென்ஷன் என்று நாமெல்லாம் புலம்புகிறோமே, அந்த 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை மருத்துவத்துக்குள் நிலைநிறுத்தியவர் ஹான்ஸ் செல்யே. நான் உளவியல் படித்த காலத்தில் அவர் எங்களுக்கு ஓர் ஐந்து மார்க் கேள்வி, அவ்வளவுதான். மனுஷனைப் பற்றித் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்.

1907ல் வியன்னாவில் பிறந்தார். அப்பா ஹங்கேரிய ராணுவ டாக்டர். செல்யே பிராக் நகரில் மருத்துவம் படித்தபோது, பேராசிரியர் நோயாளிகளை வரிசையாகக் காட்டி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அறிகுறியைச் சுட்டிக்காட்டினாராம். இவர் கண்ணில் பட்டதோ வேறு. எல்லோருக்கும் சோர்வு, பசியின்மை, மூட்டு வலி, வெளுத்த நாக்கு. வியாதி எதுவானாலும் இதெல்லாம் ஏன் பொதுவாக இருக்கிறது? மாணவன் கேட்ட கேள்வி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடை கிடைத்தது கனடாவில், மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில். புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி, எலிகளுக்குச் சினைப்பைச் சாறு ஊசி போட்டார். அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. ஹார்மோனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பூரித்துப்போனார். சந்தேகத்துக்கு ஃபார்மலினை ஏற்றிப் பார்த்தால் அதே மூன்று விளைவுகள்! கனவு பொசுங்கியது. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். இவருக்குப் பிராக் நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். எலிகளைக் குளிர்காலத்தில் மொட்டைமாடியில் விட்டார், ஓடவைத்துக் களைக்கவைத்தார். எதைச் செய்தாலும் அதே மூன்று. 1936ல் 'நேச்சர்' இதழில் ஒரே ஒரு பக்கத்தில் எழுதினார். அபாய உணர்வு, எதிர்த்து நிற்றல், ஓய்ந்துபோதல் என்று நாம் மனப்பாடம் செய்த மூன்று கட்டங்களின் ஊற்று அந்தப் பக்கம்தான்.

இதில் ஒரு குறை உண்டு, மாணவர்கள் கவனிக்க வேண்டும். எலிக்குச் சரி, மனிதனுக்கு? ஒரே நேர்முகத்தேர்வு ஒருவருக்கு வாய்ப்பு, இன்னொருவருக்குப் பயம். சம்பவத்தைவிட, நாம் அதை எப்படி எடைபோடுகிறோம் என்பதே முக்கியம் என்று பின்னர் ரிச்சர்ட் லாசரஸ் வாதிட்டார். என் ஓட்டு லாசரஸுக்கே. செல்யேயும் எல்லா அழுத்தமும் கெடுதல் என்று சொல்லவில்லை. நல்லதும் உண்டு என்றார். 1974ல் வந்த புத்தகத்தில், அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணத்தைச் சம்பாதிப்பதே சிறந்த பாதுகாப்பு என்ற கருத்தை வைத்தார்.

நோபல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1982ல் மான்ட்ரியலில் காலமானார். அதன் பிறகு சிகரெட் கம்பெனிகளின் பழைய கோப்புகள் வெளியே வந்தன. அவர்களிடம் ஆராய்ச்சிக்குப் பணம் வாங்கியிருக்கிறார். புகைப்பது அழுத்தத்தைத் தணிக்கும் என்ற அவர்கள் கட்சிக்கும் பேசியிருக்கிறார். படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பிராக் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட பையனும் இவர்தானே!