ரேடியேற்றரைத் தந்த வில்ஹெல்ம் மேபாக்

1856 இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரப் பத்திரிகை ஒன்றில் உறவினர்கள் சிலர் ஓர் அறிவித்தல் கொடுத்தார்கள். தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளைகளுக்கு ஆதரவு தேடும் அறிவித்தல் அது. அவர்களில் ஒருவனான பத்து வயது வில்ஹெல்ம் மேபாக்கை ரொய்ட்லிங்கனில் இருந்த சிறுவர் இல்லம் ஏற்றுக்கொண்டது. தச்சுத் தொழிலாளியின் மகன் அவன். இல்லத்தை நடத்திய குஸ்தாவ் வேர்னர், பையனின் கை வரைபடத்துக்குப் பழகுவதைக் கவனித்து அந்த வழியிலேயே படிக்க விட்டார். சிறுவர் இல்லங்களில் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு அந்தக் கவனிப்பின் பெறுமதி தெரியும்.

அங்கே பொறித் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக வந்த கொட்லீப் டெய்ம்லர் அவனைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டார். டெய்ம்லர் இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது.

பெற்றோல் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சூடுதான் பெரிய தலையிடி. 1889 இல் இருவரும் செய்த வண்டியில் தண்ணீரை வண்டிச் சட்டத்தின் குழாய்களுக்குள்ளேயே ஓடவிட்டு ஆறவைத்தார்கள். எஞ்சினின் வலு கூடக்கூட அது போதவில்லை. 1900 இன் முடிவில், முதல் மெர்சிடிஸ் காருக்காக, மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேற்றரை அமைத்தார். 6 மில்லிமீற்றர் சதுரக் குழாய்கள் 8,070. குழாய்களுக்குள்ளே காற்று, அவற்றுக்கிடையிலான ஒடுங்கிய இடைவெளியில் தண்ணீர், பின்னால் ஒரு விசிறி. வெறும் 9 லீற்றர் தண்ணீர் போதுமாயிற்று.

ஆனால் இடைவெளி ஒடுங்கினால், எந்தத் தண்ணீரை விடுகிறோம் என்பதும் முக்கியமாகிவிடும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கல்லின் வேலை அது. ரேடியேற்றருக்குள்ளும் அதேதான் நடக்கும். படிவு தடித்தால் சூடு வெளியேறாது. வழியில் எஞ்சின் கொதித்துவிட்டால் கிணற்றுத் தண்ணீரை விட்டு வீடு வந்து சேரலாம், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்தால். அதையே பழக்கமாக்கக் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் கூலன்ற் கலந்து விடுவதே சரி, பாதிக்குப் பாதி என்பது வழக்கமான அளவு.

ஐரோப்பாவில் பிரச்சினை வேறு. உறைந்த தண்ணீர் விரிந்து ரேடியேற்றரை வெடிக்க வைக்கும். ஆரம்பகால ஓட்டுநர்கள் மதுசாரமோ கிளிசரினோ கலந்தார்கள், இல்லாவிட்டால் இரவில் தண்ணீரை வடித்துவிட்டார்கள். மதுசாரம் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். எத்திலீன் கிளைக்கோல் கார்களுக்குப் பரவலாக வந்தது 1920களின் பிற்பகுதியில்தான். உறைபனி இல்லாத எங்கள் வெக்கையிலும் அது உதவுகிறது: கொதிநிலையை உயர்த்துகிறது, அதனுடன் சேர்க்கப்படும் இரசாயனங்கள் துருவைத் தடுக்கின்றன. இனிப்பான நஞ்சு என்பதால் பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வைக்கவேண்டும்.

1900 மார்ச்சில் டெய்ம்லர் இறந்தபின் நிறுவனத்தில் மேபாக் ஓரங்கட்டப்பட்டார். 1907 இல் விலகினார். மகன் கார்லுடனும் செப்பலினுடனும் சேர்ந்து வான்கப்பல் எஞ்சின்களுக்கான நிறுவனம் ஒன்றை 1909 இல் தொடங்கினார். 1929 டிசம்பர் 29 அன்று, 83 வயதில் காலமானார். டெய்ம்லர் அடக்கம் செய்யப்பட்ட அதே கான்ஸ்ராட் மயானத்தில்தான் அவரும் இருக்கிறார்.