கம்பத்தைத் தொட்டுட்டுப் போன டாக்டர் ஜான்சன்

ஹாஸ்டல் ரூமைப் பூட்டிட்டு மாடிப்படி வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்திருக்கீங்களா? நான் மூணு தடவை இழுப்பேன். ரெண்டோட நிறுத்தினா அன்னைக்குப் பூரா மனசு அந்தக் கதவுகிட்டயே நிக்கும். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தா, சாமுவேல் ஜான்சனைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க.

ஆமா, டிக்‌ஷனரி எழுதின ஜான்சன்தான். 1709-ல் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டில் ஒரு புத்தகக் கடைக்காரருக்குப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார்; காசு இல்லாம பதிமூணு மாசத்துல வீடு திரும்பினார். வாத்தியார் வேலைக்குப் போனா, இவர் முகம் கோணுறதைப் பார்த்துப் பசங்களும் அப்படியே ஆகிடுவாங்கன்னு ஒரு பள்ளியில் வேண்டாம்னுட்டாங்க. 1737-ல் லண்டன் போய் எழுதிப் பிழைத்தார். மூணு வருஷத்துல முடிச்சுடலாம்னு நம்பி ஆரம்பிச்ச அகராதி 1755-ல்தான் வெளிவந்தது (நம்ம ப்ராஜெக்ட் டெட்லைன் எல்லாம் தூசு). 40,000-க்கு மேல சொற்கள்.

அவ்வளவு பெரிய ஆள் தெருவில் நடக்கும்போது ஓரத்தில் இருக்கிற ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுட்டே போவார். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா திரும்பி வந்து தொடுவார். வாசலில் நுழையறதுக்கு அடிக் கணக்கு உண்டு. சரியான கால் முதல்ல உள்ளே போகணும். அவர் வீட்டில் தங்கியிருந்த அன்னா வில்லியம்ஸுக்குக் கண் தெரியாது. அவங்களைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்போதும், வாசல் வந்தா கையை விட்டுட்டுத் தன் கணக்கைப் பார்க்கப் போயிடுவாராம். படிச்சப்போ சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை. லிஃப்ட் பக்கத்துல நிக்கவெச்சிட்டு நான் பூட்டைப் பார்க்க ஓடினது ஞாபகம் வந்தது.

ஓசிடி, டூரெட் சிண்ட்ரோம் எல்லாம் பின்னாடி வந்த டாக்டர்கள் அவருக்குச் சொன்ன பேர். அவருக்குத் தெரிஞ்சதெல்லாம், எங்க பைத்தியம் பிடிச்சுடுமோங்கிற பயம்தான். அதுக்கு அவரே வழி கண்டுபிடிச்சார். மனசு தறிகெட்டு ஓடும்போது கணக்கு போட உட்காருவார். நாட்டோட கடன் 18 கோடி பவுண்டையும் வெள்ளியாக்கினா பூமியைச் சுத்தி ஒரு பட்டையே போடலாம்னு ஒரு தடவை கணக்குப் போட்டு வெச்சிருந்தார். கெமிஸ்ட்ரி பரிசோதனையும் பண்ணுவார். பார்வை மோசம், நெருப்பு பக்கத்துல, அதனால நண்பர் த்ரேல் அதை நிறுத்திட்டார். எல்லாத்தையும்விட உதவினது ஆட்கள்தான். பேச்சு சூடு பிடிச்சுட்டா அந்தப் பழக்கம் தலைகாட்டாது, தனியா விட்டா உடனே வந்துடும்னு நண்பர் ரெனால்ட்ஸ் கவனிச்சிருக்கார். 1766-ல் ரொம்ப உடைஞ்சு போயிருந்தப்போ த்ரேல் குடும்பம் தங்கள் வீட்டுக்கே கூட்டிட்டுப் போச்சு. பதினஞ்சு வருஷத்துக்கு மேல அது அவருக்கு இன்னொரு வீடு.

இறந்தது 1784 டிசம்பரில். அதுக்கு முந்தின வருஷம், ஜூன் மாசம் ஒரு ராத்திரி, பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. புத்தியும் போயிடுச்சான்னு பார்க்க, மனசுக்குள்ளயே லத்தீனில் ஒரு பிரார்த்தனையைச் செய்யுளா கட்டினார். வரிகள் சுமாராத்தான் வந்தது. சுமார்னு தனக்கே தெரியுதே, அப்போ மூளை சரியாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணார். ஒரே ஒரு தடவைதான் சோதிச்சார். அப்புறம் படுத்துத் தூங்கிட்டார்.