பட்டம் விடும் பெண்ணை வரைந்த பத்மினி



செம்பரம்பாக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? எழும்பூர்ப் பக்கம் வரும்போது அந்தப் பெரிய சாலையின் ஓரத்தில் சிவப்புச் செங்கல் கட்டடங்கள் சில தெரியும். அதுதான் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஓவியமும் சிற்பமும் கைவினைகளும் அங்கே கற்றுத் தருகிறார்கள்.

1961-ஆம் ஆண்டில் கேரளக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் அங்கே படிக்க வந்தார். அவர் பெயர் டி.கே. பத்மினி. கேரளத்தில் கலையை நேசிப்பவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் படித்த, வேலை பார்த்த சென்னையில் அவரை அறிந்தவர்கள் குறைவு. அவருடைய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சுவரில் தொங்கிய இரு பெண்கள்

அதற்கு முன்பு ஒரு சின்னச் செய்தி. லண்டனில் 1768-ஆம் ஆண்டில் ராயல் அகாடமி என்ற புகழ்பெற்ற கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் இரண்டு பேர் பெண்கள். ஒருவர் ஏஞ்சலிகா காஃப்மன், மற்றவர் மேரி மோசர். சில ஆண்டுகள் கழித்து, உறுப்பினர்கள் பலரையும் சேர்த்து சோஃபனி என்ற ஓவியர் ஒரு படம் வரைந்தார். ஆண்கள் எல்லோரும் ஒரு கூடத்தில் நின்றும் உட்கார்ந்தும் பேசிக் கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்கள் எங்கே? சுவரில் மாட்டிய இரண்டு படங்களாகத் தொங்குகிறார்கள்! மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்புக்குள் பெண்கள் வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். அதனால் ஓவியத்தில்கூட அவர்களுக்கு அந்தக் கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. இவர்களுக்குப் பிறகு இன்னொரு பெண் அங்கே முழு உறுப்பினராக 1936-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸ் நகரின் பெரிய கலைப்பள்ளியும் 1897-ஆம் ஆண்டில்தான் பெண்களைச் சேர்த்துக் கொண்டது.

பெண்களுக்குத் திறமை இல்லாமலா போயிற்று? இல்லை, குழந்தைகளே. கதவுதான் திறக்கவில்லை. பத்மினிக்கு அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று பார்ப்போமா?

பொன்னானியில் ஒரு சிறுமி

பத்மினி 1940-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி பொன்னானிக்கு அருகே காடஞ்சேரி என்ற சிற்றூரில் பிறந்தார். அந்தப் பகுதி அப்போது நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. பாரதப்புழை ஆறு கடலில் கலக்கும் இடம் பொன்னானி. சுற்றிலும் தென்னையும் வயலும் அடர்ந்த தோப்புகளும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பத்மினிக்குப் படம் வரைவதென்றால் உயிர். அவருடைய ஓவிய ஆசிரியர் தேவசி என்பவர் அதைக் கவனித்தார். இந்தப் பெண் சும்மா பொழுது போக்கவில்லை, இவளுக்குள் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. ஊக்கம் கொடுத்தார். தாய்மாமன் திவாகர மேனனும் துணை நின்றார். பிற்காலத்தில் கோட்டோவியங்களால் பெரும்புகழ் பெற்ற நம்பூதிரி என்ற ஓவியரிடமும் பத்மினி வரையக் கற்றுக் கொண்டார். பொன்னானியில் வாழ்ந்த பெரிய கவிஞர் இடசேரி கோவிந்தன் நாயரும் இந்தப் பெண்ணின் கலை வளர வேண்டும் என்று விரும்பினார்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிப்பதே அரிது. முடித்தாலும் அடுத்தது கல்யாணம்தான். வயதுக்கு வந்த பெண்ணை ஓவியம் படிக்க வெகு தொலைவில் உள்ள நகரத்துக்கு அனுப்புவது என்றால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? பத்மினியின் வீட்டார் சம்மதித்தார்கள். 21 வயதில் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

சென்னையில் கிடைத்த குரு

அப்போது கலைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். வெளிநாட்டு ஓவியர்களை அப்படியே பார்த்து எழுதாமல், நம் மண்ணின் கோடுகளையும் வண்ணங்களையும் தேடச் சொன்னவர் அவர். பின்னர் 1966-ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே.

பத்மினி என்ன வரைந்தார் தெரியுமா? அரண்மனையும் ராஜகுமாரியும் அல்ல. தன் ஊர்ப் பெண்களை வரைந்தார். தோப்புகளையும் மரங்களையும் இரவு வானத்தையும் வரைந்தார். நகரத்தில் இருந்தபடியே பொன்னானியை நினைவிலிருந்து எடுத்து எடுத்துத் தீட்டினார். அடர்ந்த நீலமும் பச்சையும் பழுப்பும் அவர் படங்களில் நிறைய வரும். அவற்றில் உள்ள பெண்கள் யாரோ பார்க்க வேண்டும் என்று அலங்காரம் செய்துகொண்டு நிற்பவர்கள் அல்ல. தங்களுக்குள் எதையோ நினைத்துக் கொண்டிருப்பவர்கள்.

1965-ஆம் ஆண்டில் படிப்பை முடித்தார். கண்காட்சிகளில் பாராட்டும் பரிசும் கிடைத்தன. ஆனால் படம் வரைந்து மட்டும் பிழைக்க முடியுமா? சென்னையில் சில்ட்ரன்ஸ் கார்டன், வித்யோதயா போன்ற பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தார். பகலில் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, மற்ற நேரத்தில் தன் படங்களை வரைவது என்று நாட்கள் ஓடின. 1968-ஆம் ஆண்டில் தாமோதரன் என்ற ஓவியரை மணந்தார்.

அவர் கடைசிக் காலத்தில் வரைந்த படங்களில் ஒன்று, பட்டம் விடும் பெண். ஆனால் அவர் வாழ்க்கையின் நூல் சீக்கிரமே அறுந்துவிட்டது. 1969-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி, பிரசவத்தின்போது பத்மினி காலமானார். மறுநாள் அவருக்கு 29 வயது நிறைந்திருக்கும். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால், அவருக்குக் கிடைத்தது வெறும் எட்டு ஆண்டுகள்.

வட இந்தியாவில் அம்ரிதா ஷெர்கில் என்ற பெரிய ஓவியரும் 1941-ஆம் ஆண்டில், 28 வயதில் இறந்தார். அவரை உலகமே அறியும். பத்மினியையோ வெகுகாலம் பலர் மறந்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சென்னை ஓவியர்களைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே வரும். நல்லவேளை, அவர் படங்களைச் சிலர் பத்திரமாக வைத்திருந்தார்கள். கேரள லலித கலா அகாடமி அவற்றைப் பாதுகாக்கிறது. அவர் வாழ்க்கையை வைத்து மலையாளத்தில் ஒரு திரைப்படமும் வந்தது. படங்கள் பிழைத்ததால்தான் பெயரும் பிழைத்தது.

ஆசிரியரின் வருத்தம்

குழந்தைகளே, தேவசி ஆசிரியரைப் பற்றி எழுதும்போது என் மனம் உறுத்துகிறது. நான் வேலை பார்த்த நாட்களில், தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக் கொள்வேன். ஒருமுறை ஒரு மாணவி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் ஏரிக்கரையை வரைந்திருந்தாள். மதகு, பனைமரம், கரையில் நிற்கும் கொக்கு எல்லாம் இருந்தன. நோட்டை வீணாக்குகிறாய் என்று கண்டித்து, அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னேன். அவளும் பேசாமல் கிழித்தாள். அதன் பிறகு அவள் என் கண்ணில் படும்படி எதையும் வரையவில்லை. அந்தக் கொக்கு இன்னும் என் நினைவில் நிற்கிறது. தேவசி பார்த்ததை நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

நம் ஊர்ச் சாலையில் லாரிகளில் புதுக் கார்கள் வரிசையாகப் போவதைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்த ஒவ்வொரு காரும் முதலில் ஒரு படமாகத்தான் பிறந்தது. நீங்கள் உடுத்தும் துணியின் பூவும், புத்தகத்தின் அட்டையும் அப்படித்தான். வரைவது வீண்வேலை அல்ல.

ஆகவே இந்த வாரம் இரண்டு வேலைகள் செய்யுங்கள். ஒன்று, நம் ஏரியை ஒரு தாளில் வரையுங்கள். கீழே உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிப் பத்திரமாக வையுங்கள். இரண்டு, உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ பழைய கோல நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், எந்தக் கோலத்தை யாரிடம் கற்றார்கள் என்று விசாரித்து, அந்தக் கோலத்தின் பக்கத்திலேயே அவர் பெயரை எழுதி வையுங்கள். எத்தனையோ ஆண்டுகளாகப் பெயரில்லாமல் கிடக்கும் ஒரு ஓவியரை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.