அனைவருக்கும் அன்னை: பண்டித ரமாபாய்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்த ஓர் ஆசிரமத்தில் 1858-ஆம் ஆண்டு ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி, ஊராரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது தம் மனைவி லக்ஷ்மிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்தவர். அந்த அன்னையே விடியுமுன் மகளை எழுப்பி, மடியில் இருத்திச் சாஸ்திரங்களைப் பயிற்றுவித்தார். தாயின் மடியே ரமாபாயின் முதல் குருகுலம்.

1870-களில் தென்னகத்தைப் பஞ்சம் வாட்டியது. தலயாத்திரையில் இருந்த அக்குடும்பத்தில் தந்தையும் தாயும் அடுத்தடுத்துப் பட்டினியால் மாண்டனர். சகோதரருடன் நாடெங்கும் நடந்த ரமாபாயின் புலமையைக் கண்டு, 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினர். 1882-இல் கணவரை இழந்தபோது, கைக்குழந்தை மனோரமாவே அவருக்கு எஞ்சிய உறவு.

1883-இல் இங்கிலாந்து சென்ற அவர், அங்கே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். வீழ்ந்த பெண்களையும் வெறுக்காது அரவணைக்கும் இயேசுவின் கருணையே அவர் உள்ளத்தை ஈர்த்தது. நாடு திரும்பி 1889-இல் பம்பாயில், விதவைகளுக்கென 'சாரதா சதன்' என்னும் இல்லத்தைத் தொடங்கினார். மாணவியரை மதம் மாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டு எழவே, 1893-இல் ஆதரவாளர் பலர் விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார் அவர். ஆயினும் தம் பிரார்த்தனையில் கலந்துகொள்ள விரும்பியோரைத் தடுக்கவும் மறுத்தார். ஆதரவை இழந்த நிலையிலும் பணியை நிறுத்தவில்லை.

1896-இல் மத்திய இந்தியாவில் மீண்டும் பஞ்சம். பசியால் பெற்றோரை இழந்த அவருக்கு அனாதைச் சிறுமியரின் துயர் பிறர் துயராகத் தோன்றவில்லை. நேரில் சென்று நூற்றுக்கணக்கானோரை அழைத்து வந்தார். புனேக்கு அருகே கேட்காவில் 'முக்தி' இல்லம் எழுந்தது. எழுத்துடன் நெசவும் உழவும் அச்சுத்தொழிலும் அங்கே கற்பிக்கப்பட்டன. உணவளிப்பதோடு நில்லாமல், சொந்தக் காலில் நிற்கச் செய்வதே தாய்மை என்பது அவர் கண்ட அறம்.

தாயின் பணிக்குத் தோள்கொடுத்த மனோரமா 1921-இல் மறைந்தார். பெற்ற மகளை இழந்த அந்த முதிய அன்னை துயரில் முடங்கவில்லை. மூலமொழிகளிலிருந்து மராத்தியில் பைபிளைப் பெயர்க்கும் பணியை முடித்து, 1922 ஏப்ரல் 5 அன்று இறைவனடி சேர்ந்தார்.

ஒரு மகளுக்குத் தாயாக எவரும் இருக்கலாம். தாயற்றோர் அனைவருக்கும் தாயாக இருப்பதற்கு, தம் துயரையே கருணையாக மாற்றிக்கொள்ளும் உள்ளம் வேண்டும். ரமாபாயின் வாழ்வு கற்பிக்கும் சாதனை அதுவே.